இருக்கை இல்லாத விமானம்

ஷிஸுவோக்கா
15 நவம்பர் 1992

சோகென் அண்ணாவுக்கு மிசாவோ எழுதுவது.

உங்களுக்குப் பிடிக்காத பேச்சை எடுத்தால் போனை வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழிப்பதென்றாலும் படித்துவிட்டுத்தான் கிழிப்பீர்கள். அதனால் எழுதுகிறேன்.

எங்கள் கம்பெனி வரும் வசந்தத்தில் ஒரு புது பிளாஸ்டிக் மாடல் வெளியிடுகிறது. ஒற்றை எஞ்சின் போர் ஜெட், அசலில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. கடைகளின் கண்ணாடி அலமாரியில் வைக்கும் மாதிரிகளை ஒட்டி வண்ணம் அடித்துக் கொடுப்பதுதான் இத்தனை வருடமாக என் வேலை. போன மாதம் அந்தப் பெட்டி என் மேசைக்கு வந்தது. மூடியைத் திறந்து இறக்கைகளைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அமெரிக்கத் தளத்திலிருந்து கிளம்பி நம் குவாபாருவின் கூரைகளை உரசிக்கொண்டு போகுமே, அதே ரகம். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் வீரமான பெயரை நான் எழுதப்போவதில்லை.

கம்பெனிக்கு வேண்டியதை அவர்கள் சொன்னபடியே செய்து கொடுத்துவிட்டேன். பிறகு எனக்கென்று இன்னொரு பெட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இதை நான் 417 ஆகச் செய்யப்போகிறேன். ஆமாம், 1965 பிப்ரவரியில் நம் கரும்பு வயலில் விழுந்து நோபுகோவைக் கொன்ற அதே 417.

மறுநாள் பத்திரிகையில் வந்த படத்தை நான் தூக்கி எறியவில்லை. கரும்புக்கு நடுவே வால் மட்டும் முழுசாக நிற்கிறது. எண் தெளிவாக இருக்கிறது. எண்ணுக்கு மேலே குறுக்காக ஒரு பட்டை. ஆனால் படம் கறுப்பு வெள்ளை.

மே மாதம் இங்கே நடக்கும் கண்காட்சிக்கு நாடெங்குமிருந்து மாடல் செய்கிறவர்கள் வருவார்கள். எங்கள் சங்கத்துக்கும் ஒரு மேசை உண்டு. அதில் 417-ஐ வைப்பேன். பக்கத்தில் ஓர் அட்டை வைப்பேன். விமானத்தின் எண், விழுந்த நாள், ஒகினாவா, குவாபாரு, யொனாமினே நோபுகோ, வயது இருபத்தொன்று. வேறு ஒரு சொல் இருக்காது.

நோபுகோ உங்கள் மனைவி என்பதால் உங்களிடம் சொல்கிறேன். அனுமதி கேட்கவில்லை. எனக்கு அவள் உங்களுக்கு மனைவியாவதற்கு வெகு முன்பே தோழி. கல்யாணமானதும் மரியாதைக்கு ஒரு தடவை அண்ணி என்று கூப்பிட்டுவிட்டேன், ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

அந்த வாலைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் நீங்கள்தான். நான் அப்போது இங்கே நூலாலை விடுதியில் இருந்தேன். பட்டையின் நிறம் என்ன?

யோஷி அண்ணிக்கு என் அன்பு.

மிசாவோ


குவாபாரு
29 நவம்பர் 1992

மிசாவோவுக்கு,

நிறம் கேட்டிருக்கிறாய். சொல்ல மாட்டேன்.

அந்தச் சனியனை நீ ஒட்டி, தேய்த்து, பளபளவென்று வண்ணம் அடித்து மேசையில் வைப்பாய். ஆட்கள் வந்து ஆகா என்பார்கள். அதற்கு நான் நிறம் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதை எழுத உனக்குக் கை எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை.

நீ பதினெட்டு வயதில் கப்பல் ஏறினாய். அவள் செத்தபோது வந்தாய், சாம்பல் ஆறுவதற்குள் திரும்பிப் போனாய். சீமி விழாவுக்குக் குடும்பமே கல்லறை முன்னால் உட்கார்ந்து சாப்பிடும்போது உன் இடம் காலியாகத்தான் இருக்கிறது. இங்கே இருப்பவர்கள் நாங்கள். தினமும் அந்தச் சத்தத்துக்குக் கீழே பேச்சை நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிறவர்கள் நாங்கள். எங்களுக்கு ஞாபகப்படுத்த ஒரு பொம்மை தேவையில்லை.

நான் இன்னும் தளத்துக்குள்தான் புல் வெட்டுகிறேன். ஓய்வுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான். அந்தப் பெயரையும் ஊரையும் போட்டு நீ அட்டை வைத்தால் ஒரு பத்திரிகைக்காரன் எழுதுவான். எழுதினால் இங்கே தளத்து வாசலில் என்னைத்தான் நிறுத்துவார்கள். உன்னையல்ல.

யோஷி இந்த வீட்டுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிறது. இங்கே அந்தப் பேச்சை எடுப்பதில்லை. இனியும் எடுக்க வேண்டாம்.

இந்த வருடம் புயல் குறைவு. கரும்பு நன்றாக நிற்கிறது.

சோகென்


ஷிஸுவோக்கா
8 டிசம்பர் 1992

அண்ணா,

கரும்பு நன்றாக நிற்பது குறித்து மகிழ்ச்சி. மற்றதற்கெல்லாம் பதில் சொல்கிறேன்.

அழகாகச் செய்வேன் என்கிறீர்கள். செய்வேன். இதுவரை நான் செய்த எதையும்விட அழகாகச் செய்வேன். நொறுங்கிய விமானத்தைச் செய்து வைத்தால் என்ன நடக்கும் தெரியுமா? ஐயோ பாவம் என்று ஒரு தடவை பார்த்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விடுவார்கள். அழகாக இருந்தால் குனிவார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்ப்பார்கள். எனக்கு அவர்கள் கிட்டத்தில் வர வேண்டும். வந்த பிறகு அட்டையைப் படிக்காமல் போக முடியாது.

அன்று காலை அது அழகாகத்தான் இருந்திருக்கும், அண்ணா. யாரோ அதைக் கழுவி, எண்ணெய் ஊற்றி, துடைத்துத்தான் வானத்துக்கு அனுப்பியிருப்பார்கள். அசிங்கமான ஒன்று வந்து அவளைக் கொன்றது என்று நினைத்துக்கொண்டால் நமக்குச் சுலபம். நான் சுலபத்தைத் தேடவில்லை.

என் மேலதிகாரி மோச்சிஸுகிக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. உணவு இடைவேளையில் என் சொந்த மாடலின் வாலில் எண்ணை எழுதிக்கொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றார். கெட்ட மனிதர் இல்லை. எண்ணைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். “பொம்மைய பொம்மையா விட்டுடுங்க, மிசாவோ. பிள்ளைங்க வாங்குற சாமான்,” என்றார்.

“வெறும் பொம்மைன்னா இறக்கையில ஒரு ஆணி குறைஞ்சா எதுக்கு அச்சையே மாத்தச் சொல்றீங்க? ஆணி சரியா இருக்கணும், நெளிவு சரியா இருக்கணும், எங்க விழுந்துச்சுங்குறது மட்டும் தெரியக் கூடாதா?” என்றேன்.

அவர் போகும்போது, கம்பெனி மேசையில் இதைச் செய்யாதீர்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதனால் இப்போது வீட்டுச் சமையல் மேசையில் செய்கிறேன். சாப்பாடு தரையில்.

நீங்கள் அவர்கள் புல்லை வெட்டுவதைப் பற்றி இதுவரை நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நீங்களே எழுதியதால் சொல்கிறேன். அவளைக் கொன்றது கிளம்பிய அதே ஓடுபாதையின் ஓரத்தைத்தான் நீங்கள் ஒழுங்காக வெட்டி வைக்கிறீர்கள். ஊரில் வேறு வேலை இல்லாததும் எனக்குத் தெரியும். ஆனால் பயத்தைப் பொறுமை என்று எனக்கு எழுதாதீர்கள். தளத்து ஜீப் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனபோது கையிலிருந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கை அதன் மேல் வீசியவள் நோபுகோ. கண்ணாடியில் பட்டு நசுங்கியது. நாங்கள் இரண்டு பேரும் கரும்புக்குள் ஓடி ஒளிந்தோம். வெளியே வந்ததும் கிழங்கு வீணாகிவிட்டதே என்றுதான் அவள் வருத்தப்பட்டாள்.

பட்டையின் நிறம் என்ன?

மிசாவோ


ஷிஸுவோக்கா
20 பிப்ரவரி 1993

அண்ணா,

புது வருட வாழ்த்து அட்டைகூட வரவில்லை. ஆனால் யோஷி அண்ணியின் கையெழுத்தில் விலாசம் போட்டு ஒரு பார்சல் வந்தது. உள்ளே ஒரு வரிகூட இல்லை. கறுப்பு வெல்லம் மட்டும். நான் அதைப் பதில் என்று எடுத்துக்கொண்டேன். உங்களுக்குத் தெரியாமல் அனுப்பியிருந்தால் இதைச் சொன்னதற்கு அண்ணி என்னை மன்னிக்கட்டும்.

நீங்கள் படித்தாலும் படிக்காவிட்டாலும் வேலை எதுவரை வந்திருக்கிறது என்று எழுதுகிறேன்.

உடல் இரண்டு பாதியாக வருகிறது. ஒட்டி, பூச்சு வைத்து, காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்புத்தாளால் தேய்த்தேன். விரல் நகத்தால் தடவினால் இணைப்பு தட்டுப்படக் கூடாது. தட்டுப்பட்டது. மறுபடி தேய்த்தேன். இந்த வேலையில் மோசமானது வெள்ளி நிறம்தான். வண்ணம் பூசாத வெறும் உலோகம் போலத் தெரிய வேண்டும். அதற்கு முதலில் முழுவதும் பளபளப்பான கறுப்பு அடிக்க வேண்டும். அடியில் ஒரு தூசி இருந்தாலும் மேலே வெள்ளி காட்டிக் கொடுத்துவிடும். கறுப்பு காய்ந்த பிறகு காற்றுப் பீச்சியால் பனி படிவது போல வெள்ளியை ஊதினேன். எல்லாத் தகடும் ஒரே வெள்ளி இல்லை. சிலது கொஞ்சம் மங்கல், சிலது நீலம் ஓடியது. வால் பக்கம் எஞ்சின் சூட்டில் உலோகம் பழுப்பாகவும் ஊதாவாகவும் மாறியிருக்கும். அதை மட்டும் மூன்று தடவை அழித்து அடித்தேன். இப்போது விளக்கில் பார்த்தால் தொட்டால் சுடும் போல இருக்கிறது.

சக்கரங்களை உள்ளே மடித்து மூடிவிட்டேன். தரையில் நிற்கிற மாதிரி வேண்டாம். ஒரு பித்தளைக் கம்பியின் மேல், ஒரு பக்கம் சாய்ந்து பறக்கிற மாதிரி வைக்கிறேன்.

இரண்டு இடத்தில் நின்றுபோயிருக்கிறேன். ஒன்று பட்டை. அந்த இடத்தை நாடா ஒட்டி மறைத்து வெறுமையாக விட்டிருக்கிறேன். நீங்கள் சொல்லாவிட்டால் வெறுமையாகவே வைப்பேன். ஊகித்து அடிக்க மாட்டேன். பொய்யாக ஒரு நிறம் அடித்தால் அட்டையில் உள்ள பெயரும் பொய்யாகிவிடும்.

இன்னொன்று, பெட்டியோடு ஒரு விமானி வருகிறான். என் சுண்டு விரலின் பாதி உயரம். தலைக்கவசம், கையுறை எல்லாம் அடித்துவிட்டேன். முகத்துக்கு வண்ணம் அடிக்கக் கை வரவில்லை. தூரிகையை நனைப்பேன், கழுவி வைப்பேன். அவன் இன்னும் முகமில்லாமல் தீப்பெட்டிக்குள் கிடக்கிறான்.

மிசாவோ


குவாபாரு
7 மார்ச் 1993

மிசாவோவுக்கு,

அந்த ஆளை எடுத்துவிடு. 417-இல் ஆள் இல்லை.

அன்று எனக்கு விடுமுறை. கூரை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசிக்கொண்டிருந்தேன். நோபுகோ வயலில் வெட்டிய கரும்புக்குத் தோகை உரித்துக்கொண்டிருந்தாள். மேலிருந்து அவளுடைய தலைத்துணி எனக்குத் தெரியும். ஜெட் வரும் சத்தம் கேட்டால் நாம் குனிந்துகொள்வோம், அது பழக்கம். அன்று எஞ்சின் சத்தம் இல்லை. பாய்மரத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. நிமிர்ந்தேன். ஒரு பக்கம் சாய்ந்து, முதுகை எனக்கு நேராகக் காட்டிக்கொண்டு போனது. மேல் கண்ணாடி மூடி இல்லை. உள்ளே ஆள் இல்லை. ஆள் உட்காரும் இருக்கையும் இல்லை. ஒரு கறுப்புக் குழி மட்டும் இருந்தது.

ஓட்டியவன் முன்னாலேயே வெளியே பாய்ந்துவிட்டான். கடற்கரைத் தோட்டத்தில் பாராசூட்டில் இறங்கினான், அங்கே யாரோ அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவனும் செத்திருப்பான். ஆனால் யாரும் இல்லாத ஒன்று தானாக நம் வயலைத் தேடிப் போகிறது, அதைப் பார்த்துக்கொண்டு நான் கூரையில் நிற்கிறேன். கத்தினேன். அவள் நான் கூப்பிடுகிறேன் என்று என் பக்கம் திரும்பினாள். வானத்துப் பக்கம் பார்க்கவில்லை.

இதை நான் விசாரணையில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு யாரிடமும் சொல்லவில்லை.

பட்டை மஞ்சள். முட்டைக்கருவின் மஞ்சள். மேலும் கீழும் மெல்லிய கறுப்புக் கோடு. நான் பார்த்தபோது புகை படிந்திருந்தது. நீ புகை இல்லாமல் அடி. காலையில் எப்படி இருந்ததோ அப்படி.

உன் பிப்ரவரிக் கடிதத்தை யோஷிதான் முதலில் படித்தாள். நான் படிக்காமல் மேசையில் போட்டிருந்தேன். இரவுச் சாப்பாடு முடிந்ததும் அதை என் முன்னால் வைத்து, “பதில் போடுங்க,” என்றாள். அந்தப் பேச்சு இந்த வீட்டில் வேண்டாம் என்றேன்.

“இந்த வீட்டுல அந்தப் பொண்ணு பேரைச் சொல்லக் கூடாதுன்னு நான் எப்பவாவது சொன்னேனா? நீங்களா போட்டுக்கிட்ட சட்டம். அதுக்குக் காரணம்னு இத்தனை வருஷமா என்னைக் காட்டிக்கிட்டு இருக்கீங்க,” என்றாள்.

அதனால் உனக்கு எழுதுகிறேன்.

பயத்தைப் பற்றி நீ எழுதியதை நான் மறக்கவில்லை. அதை இன்னொரு நாள் பேசிக்கொள்வோம்.

சோகென்


ஷிஸுவோக்கா
24 மே 1993

அண்ணா,

கண்காட்சி நேற்று முடிந்தது. கால் வீங்கியிருக்கிறது, தொண்டை கட்டியிருக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உங்கள் கடிதம் வந்த அன்றே விமானியையும் இருக்கையையும் எடுத்துவிட்டேன். மேல் மூடியை ஒட்டவில்லை. இருக்கை ஏறி வெளியே போகும் இரண்டு தண்டவாளங்களை மெல்லிய தகட்டில் செய்து குழிக்குள் நிறுத்தினேன். மஞ்சளை நாலு தடவை கலக்கினேன். ஒரு நிஜ முட்டையை உடைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கலக்கினேன். பிறகு அதைப் பொரித்துச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை காலை மேசையில் வைத்து, அட்டையைச் சாய்த்து வைத்தேன். கதவு திறந்து கொஞ்ச நேரத்துக்குள் ஏற்பாட்டாளர்களில் ஒருவர் வந்தார். மிகவும் பணிவாகக் குனிந்தார். இது சந்தோஷமான நிகழ்ச்சி, குடும்பங்கள் வருகின்றன, மாடல் இருக்கட்டும், அட்டையை மட்டும் எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்க மாட்டேன் என்றேன். அப்படியானால் எங்கள் சங்கத்தின் மேசையே இருக்காது என்றார். மற்ற உறுப்பினர்கள் என் முகத்தைப் பார்க்காமல் தங்கள் விமானங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் வருடம் முழுக்க உழைத்தவை அவை. அட்டையை அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டேன். என் கையால் எடுக்கவில்லை.

எல்லாம் போய்விட்டது என்று நினைத்தேன். அப்போது ஒரு வயதான மனிதர் வந்து குனிந்தார். வால் பக்கத்து ஊதா நிறத்தை எப்படிக் கொண்டுவந்தேன் என்று கேட்டார், சொன்னேன். வாலிலிருந்து மூக்கு வரை பார்த்துக்கொண்டே போனவர் நடுவில் நின்றார்.

“அடடா, இவ்வளவு செஞ்சுட்டு இருக்கையை வைக்க மறந்துட்டீங்களே.”

“மறக்கல. அது விழும்போது அதுல இருக்கை இல்ல,” என்றேன்.

அவர் நிமிர்ந்தார். எங்கே விழுந்தது என்று கேட்டார். கேட்டால் சொல்ல வேண்டியதுதானே? ஊரைச் சொன்னேன், நாளைச் சொன்னேன், அவள் பெயரைச் சொன்னேன், நீங்கள் கூரையில் நின்றதைச் சொன்னேன். அவர் பக்கத்தில் இருந்தவர்களும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஓய்வே இல்லை. மாடல் செய்கிறவர்களை உங்களுக்குத் தெரியாது. அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்காமல் அவர்களால் நகர முடியாது. வந்தவர்கள் எல்லோரும் அந்தக் குழியில் வந்து நின்றார்கள். “இருக்கை எங்கே?” எல்லோருக்கும் ஒரே கேள்வி, எல்லோருக்கும் என் ஒரே பதில். அட்டை இருந்திருந்தால் சிலர் படிக்காமல் போயிருப்பார்கள். இப்போது அவர்களே கேட்டார்கள், கேட்டவர்களுக்கு நான் சொன்னேன். ஏற்பாட்டாளர் தூணுக்குப் பக்கத்தில் நின்று பார்த்தார். பேசக் கூடாது என்று அவருடைய விதியில் எங்கேயும் இல்லை.

எல்லோரும் நல்லபடியாகக் கேட்டார்கள் என்று சொல்லவில்லை. ஒருவர் சத்தம் போட்டார். “இங்க எல்லாரும் சந்தோஷமா இருக்க வந்திருக்கோம். அதைக் கெடுக்கணும்னே வந்தீங்களா?” என்றார். அவளும் அன்று சந்தோஷமாகத்தான் கரும்புக்குத் தோகை உரித்துக்கொண்டிருந்தாள் என்றேன். அவர் போய்விட்டார். மாலையில் மறுபடி வந்தார். குனிந்து அந்தக் குழிக்குள் பார்த்துவிட்டுப் போனார்.

இன்று காலை மோச்சிஸுகி கூப்பிட்டார். மாதிரிப் பிரிவிலிருந்து என்னைப் பெட்டி கட்டும் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். கம்பெனிப் பெயரை நான் எங்கேயும் எடுக்கவில்லை என்றேன். தெரியும் என்றார். பிறகு மெதுவாக, “அந்த வெள்ளி மாதிரி நம்ம கம்பெனியில யாரும் அடிச்சதில்ல,” என்றார்.

நாளையிலிருந்து செய்முறைத் தாளை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற வேலை. வைக்கிறேன். கை என்னுடையது, அதை யாரும் எந்தப் பிரிவுக்கும் மாற்ற முடியாது.

மிசாவோ


குவாபாரு
6 ஜூன் 1993

மிசாவோவுக்கு,

கடிதத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி யோஷி கேட்டாள். படித்தேன். முட்டை இடத்தில் சிரித்தாள். கூரை இடம் வந்ததும் எழுந்து போய் அடுப்பைப் பார்த்தாள்.

உன்னை வேறு பிரிவுக்கு மாற்றியதற்கு வருத்தம். நீ வருத்தப்படுகிற மாதிரித் தெரியவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

அந்த விமானத்தை எனக்கு அனுப்பு. ஜூலைக்குள் வேண்டும். ஏன் என்று கேட்காதே.

சோகென்


ஷிஸுவோக்கா
19 ஜூன் 1993

அண்ணா,

ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் கொளுத்துவதற்குக் கேட்கிறீர்கள் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் இன்னொன்று செய்வேன். அதையும் கொளுத்தினால் மூன்றாவது செய்வேன். பெட்டி கட்டும் இடத்தில் இருக்கிறேன், எனக்குப் பெட்டிக்குப் பஞ்சமில்லை.

பார்சல் தனியாக வருகிறது. பஞ்சு மெத்தைக்கு நடுவில் தலைகீழாகப் படுக்க வைத்திருக்கிறேன். இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், வயிற்றைப் பிடித்துத் தூக்குங்கள். வெறும் கையால் வெள்ளியைத் தொட்டால் ரேகை பதியும். துணிக் கையுறை இரண்டு ஜோடி வைத்திருக்கிறேன், ஒன்று அண்ணிக்கு. மூக்கின் முனையில் ஊசி போல ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இந்த மாடலில் முதலில் ஒடிவது அதுதான். வெயிலில் வெகுநேரம் வைத்தால் பிளாஸ்டிக் வளையும், குடை வேண்டும்.

கண்காட்சியில் எடுத்துக்கொண்ட அட்டையை அவர்கள் திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.

மிசாவோ


குவாபாரு
11 ஜூலை 1993

மிசாவோவுக்கு,

நேற்று தளத்தில் திறந்த நாள். வருடத்துக்கு ஒரு தடவை வாசலைத் திறந்துவிட்டு, ஜெட்டுகளை வரிசையாக நிறுத்தி, பிள்ளைகளை ஏற்றிப் படம் எடுக்க விடுவார்கள். நாகா நகரத்திலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். காரெல்லாம் நம் வயல் ஓரத்துச் சாலையில்தான் நிற்கும். இறங்கி வாசலுக்கு நடந்தே போக வேண்டும்.

வயல் ஓரத்தில் மடக்கு மேசை போட்டேன். கடற்கரைக் குடையை நட்டேன். நீ சொன்னபடி கையுறை போட்டு, வயிற்றைப் பிடித்துத் தூக்கி வைத்தேன். பின்னால் கரும்பு என் தலைக்கு மேல் நிற்கிறது. யோஷி ஒரு பெரிய கெண்டியில் மல்லிகைத் தேநீர் ஆற வைத்துக் கொண்டுவந்தாள். வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குக் கொடுத்தால் நிற்பார்கள் என்றாள். அது அவள் யோசனை.

முதலில் எனக்கு வாய் வரவில்லை. ஆட்கள் தேநீர் குடித்தார்கள், விமானத்தைப் பார்த்தார்கள், நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வாசலுக்குப் போனார்கள். உனக்கு நடந்த மாதிரி யாரும் இருக்கையைக் கேட்கவில்லை. இவர்கள் மாடல்காரர்கள் இல்லையே. நான் மரம் மாதிரி நின்றுகொண்டிருந்தேன். யோஷி என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் மேசையை மடக்கியிருப்பேன்.

அப்போது கைக்குழந்தையோடு ஒரு இளம் பெண் வந்தாள். விமானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இது யாரோடது?” என்று கேட்டாள். விற்கிறோமா, செய்தது யார் என்கிற அர்த்தத்தில்தான் கேட்டிருப்பாள்.

“என் பொண்டாட்டியோடது,” என்றேன்.

அவள் யோஷியைப் பார்த்தாள். நானும் பயந்துகொண்டே யோஷியைப் பார்த்தேன். அவள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. ஊற்றி முடித்து, கிண்ணத்தை அந்தப் பெண்ணிடம் நீட்டி, “நான் இல்லம்மா. இவருக்கு முதல்ல ஒரு சம்சாரம் இருந்தா. நோபுகோன்னு பேரு. இது வந்து விழுந்தது இந்த வயல்லதான்,” என்றாள்.

அதற்குப் பிறகு எனக்கு வாய் வந்துவிட்டது. சாயங்காலம் வரை வந்தது. கிழங்கு வீசிய கதையைக்கூடச் சொன்னேன். இத்தனை வருடம் அந்தக் கதை எனக்குத் தெரியாது என்பதை நினைத்தால் உன் மேல் கோபம் வருகிறது.

மத்தியானம் யாபிக்கு என்கிற எங்கள் மேஸ்திரி வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தான். வாசலில் யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். இருபது வருடமாக ஒன்றாகப் புல் வெட்டுகிறோம். கெஞ்சுகிற மாதிரித்தான் பேசினான். “சோகென், மேசையை மடக்கிடு. உனக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். எதுக்கு இந்த வம்பு?” என்றான்.

“வேலிக்கு அந்தப் பக்கம் நீ சொல்றபடி வெட்டறேன். இந்தப் பக்கம் என் கரும்பு. இங்க நீ சொல்ல முடியாது,” என்றேன்.

யோஷி அவனுக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினாள். வாங்கிக் குடித்துவிட்டு, அவள் முகம் தனக்கு ஞாபகம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான். யார் முகம் என்று நான் கேட்கவில்லை; நோபுகோவைத்தான் சொன்னான்.

நாளை திங்கட்கிழமை. வாசலில் அடையாள அட்டையை நீட்டும்போது என்ன சொல்வார்கள் என்று தெரியவில்லை. நீட்டுவேன். உள்ளே விட்டால் புல் வெட்டுவேன். விடாவிட்டால் கரும்பு இருக்கிறது. அடுத்த வருடத் திறந்த நாளுக்கும் மேசை போடுவதென்று யோஷி முடிவு செய்துவிட்டாள்.

அந்தக் கைக்குழந்தை மூக்கு முனைக் குழாயைப் பிடித்து ஒடித்துவிட்டது. தாய் பதறிப்போனாள். பரவாயில்லை, செய்தவள் என் தங்கை, அவள் வந்து சரி செய்துவிடுவாள் என்று சொல்லிவிட்டேன். ஒடிந்த துண்டு பத்திரமாக இருக்கிறது. நான் ஒட்டினால் கோணலாகத்தான் ஒட்டுவேன்.

பசையை எடுத்துக்கொண்டு நீயே வா.

சோகென்